செக்‌ஷனுக்குப் போட்ட ஒன்பது இலை

பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன். மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி, நாலு கம்பெனி ஒரு பட்டாலியன், மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேடு, மூன்று பிரிகேடு ஒரு டிவிஷன். எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு இது தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் தம்பி தீர்த்தன் செத்தது இந்தக் கணக்கால்தான். கணக்கில் தப்பில்லை. அதைக் கேட்டுவிட்டு நான் போட்டேன் பாருங்கள் ஒரு கணக்கு, அதுதான் தப்பு. காசியம்மாள் வாயாடி என்று ஊரில் எனக்குப் பெயர். அந்த வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் இண்டூருக்கு மேற்கே, மலைக்காட்டை ஒட்டி இருக்கிறது. கேழ்வரகு விதைக்கிற எங்கள் கொல்லைதான் கடைசிக் கொல்லை. அதற்கு அப்புறம் மரமும் முள்ளும் பன்றியும்தான். தீர்த்தனைப் பெற்ற மூன்றாம் வருஷம் எங்கள் ஆத்தா போய்விட்டாள், அடுத்த வருஷம் காய்ச்சலில் அப்பன். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். மாதப்பனுக்கு என்னைக் கட்டிக் கொடுத்தபோது அவனுக்கு ஏழு வயது. அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன். "பொண்ணு கேட்டன், பையனும் சேந்து வந்துட்டான், எனக்கு லாபம்தான்" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். எனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. தீர்த்தன் இருந்ததால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

நாற்பதாம் வருஷம் மழை பொய்த்தது. தருமபுரிக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தபோது என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தார். சட்டைக் கையில் இரண்டு பட்டை, நாயக் ஆகியிருந்தார். அந்தப் பட்டையைத் தீர்த்தன் பார்த்த பார்வையிலேயே இவனும் போகப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டு வயதுப் பயல். லீவு முடிந்து அவர் மொரப்பூருக்கு ரயிலேறக் கிளம்பிய அன்று இவனும் ஒரு துணிமூட்டையோடு நின்றான்.

"உன் கால ஒடச்சி அடுப்புல வெக்கறன் இரு," என்று விறகுக் கட்டையை எடுத்தேன்.

"அக்கா, மாமாகூடத்தானே போறன்," என்றான். விறகுக் கட்டையை வாங்கி அவனே அடுப்பில் வைத்தான். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

"கூட்டிக்கிட்டுப் போறீங்க," என்றேன் அவரிடம். "உங்க கண்ணு முன்னாலயே இருக்கணும். ஒரே சட்டிச் சோறு திங்கணும் ரெண்டு பேரும்."

"எனக்குன்னு ஒரு செக்‌ஷன் குடுத்திருக்காங்க. பத்துப் பேரு. அதுல ஒருத்தன் நம்ம தீர்த்தன். சுபேதாரு கால்ல வுழுந்தாவது வாங்கிடறன். போதுமா?"

சொன்னபடி செய்தார். பயிற்சி முடிந்ததும் தீர்த்தன் அவர் செக்‌ஷனுக்கே வந்து சேர்ந்தான். கடிதம் வரும். இண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவன், குண்டு குண்டாக எழுதுவான். தபால்கார மாது வாசலில் நின்று படித்துக் காட்டுவான். கடிதம் பூராவும் அந்த எட்டுப் பேர் பேச்சுதான். ராஜாமணி இப்படிச் சொன்னான், பொன்னுரங்கம் அப்படிப் பாடினான், அந்தோணி குளிரில் இரண்டு கம்பளி கேட்டு அடி வாங்கினான். முகம் தெரியாத அந்த எட்டுப் பேரும் எங்கள் வீட்டில் நடமாடுகிறவர்கள் ஆகிவிட்டார்கள்.

நாற்பத்து மூன்று ஐப்பசியில் என் வீட்டுக்காரர் மட்டும் லீவில் வந்தார். ஒரு செக்‌ஷனில் ஒரே சமயத்தில் இரண்டு பேரை விட மாட்டார்களாம். கேழ்வரகு கதிர் வாங்கி நின்ற நேரம். சாயங்காலம் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். காவல் பரண்மேல் உட்கார்ந்து காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லை காக்கிறவர்கள் பார்க்கிற பார்வை இல்லை அது.

"எங்க இருக்கீங்க, என்னா பண்றீங்கன்னு ஒரு வார்த்த சொல்றீங்களா? ரெண்டு பேரும் ஊமையாட்டம் எழுதறீங்க," என்று சண்டைக்கு நின்றேன்.

"எடத்தச் சொல்லக் கூடாது காசி. எப்புடி இருக்கறம்னு வேணா சொல்றன், மேல வா."

பரண் ஏறி உட்கார்ந்தேன். கையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

"இந்தப் பரணு நம்ம செக்‌ஷன்னு வெய்யி. நானு, தீர்த்தன், இன்னும் எட்டுப் பேரு. எதிரி அந்தக் காட்டுக்குள்ள. பக்கத்துக் கொல்லைங்கள்ல ரெண்டு பரணு தெரியுதா? அதுங்க இன்னும் ரெண்டு செக்‌ஷன். மூணும் சேந்தா பிளாட்டூன். அதுக்கு ஒரு ஜமேதாரு. அவரு நமக்குப் பின்னால, அந்த வரப்புல இருப்பாரு."

"அப்புறம்?"

"இந்த மாதிரி மூணு பிளாட்டூன் ஒரு கம்பெனி. கம்பெனித் தொரை இருக்கறது அதோ, கெணத்து மேட்டுல. நாலு கம்பெனி ஒரு பட்டாலியன், அது நம்ம ஊருக் களத்துல. மூணு பட்டாலியன் ஒரு பிரிகேடு, அது இண்டூரு."

"டிவிஷன்னு ஒன்னு சொல்லுவீங்களே?"

"மூணு பிரிகேடு சேந்தா டிவிஷன். பத்துப் பதினஞ்சாயிரம் பேரு. ஜெனரல் தொரை இருக்கற எடம் அது. தருமபுரின்னு வெய்யி."

நான் மேற்கே காட்டைப் பார்த்தேன். பிறகு கிழக்கே திரும்பி, கிணற்று மேடு, களம், ஊர், அதற்கப்பால் இண்டூர் போகும் பாதை எல்லாவற்றையும் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இந்தக் காட்டோரத்தில் இருக்கிறவள் நான். பன்றி எங்கிருந்து வரும், யார்மேல் முதலில் பாயும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருஷம்தான் பக்கத்துக் கொல்லைப் பரணிலிருந்து இறங்கிய காளியப்பனின் தொடையைப் பன்றி கிழித்துப் போட்டிருந்தது.

"பன்னி வந்தா மொதல்ல யாரு மேல வுழும்?" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

"பரணுல இருக்கறவன் மேலதானே? களத்துக்கு வருமா? தருமபுரிக்கு வருமா?"

"தருமபுரிக்கு எங்க வரும், போ," என்று சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அப்போ தீர்த்தன டிவிஷனுக்கு அனுப்புங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "என்னா பேசற நீ? பத்துப் பேரும் ஒரே தட்டுல தின்னவங்க. ஒருத்தன் முதுகுக்கு ஒருத்தன் காவலு. செக்‌ஷன வுட்டுப் போன்னா வூட்ட வுட்டுத் தொரத்தற மாதிரி காசி. அவன் வர மாட்டான்."

"அவனுக்கு வூடு இங்க இருக்குது."

"பயந்து ஓடிட்டான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே! பயந்தாங்கொள்ளித் தம்பி போதும் எனக்கு. ஈர மண்ணுல படுத்துக் கெடக்கற தம்பி வாணாம்." அழுதேன், கத்தினேன், நீங்கள் மட்டும் அங்கே இருங்கள் என்று அவரைப் பார்த்தே சொன்னேன். புருஷனிடம் சொல்கிற பேச்சா அது? சொன்னேன். அவர் அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில் பெரிய சத்தியம் என்றால் மண் சத்தியம்தான். சத்தியம் செய்கிறவர் தன் கொல்லை மண்ணை உள்ளங்கையில் அள்ளி, அதன்மேல் கற்பூரம் ஏற்றிச் சொல்ல வேண்டும். வாங்கியவர் அந்த மண்ணைத் துணியில் முடிந்து வைத்துக்கொள்வார். வாங்கியவரே ஒருநாள் அதைக் கொல்லையில் கொட்டி ‘விட்டேன்’ என்று சொன்னால்தான் சத்தியம் கழியும். அதுவரை செய்தவர் மீற முடியாது. மீறினால் அந்தக் கொல்லை விளையாது. லீவு முடிகிற அன்று காலையில் அவரைக் கொல்லைக்கு இழுத்துப் போனேன். கை சுடச்சுடச் சொன்னார்: "சண்டை முடியற வரைக்கும் தீர்த்தன் டிவிஷன்லதான் இருப்பான். நானா கூப்ட மாட்டன்." அந்த மண்ணை என் பழைய சேலைத் துண்டில் முடிந்து, கேழ்வரகு கொட்டி வைக்கும் குதிருக்குள் போட்டேன். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் தீர்த்தனின் கடிதம் வந்தது. சாணி மெழுகிக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் மாதுவைப் படிக்கச் சொன்னேன்.

"‘அக்காவுக்குத் தீர்த்தன் எழுதிக்கொள்வது. மார்கழி மாசமே என்னை டிவிஷனுக்கு அனுப்பிட்டாங்க. பெரிய அதிகாரிகளுக்கு டீ கொண்டுபோய்க் குடுக்கறது, கூடாரத்துக்குக் காவல் நிக்கறது, இதான் வேலை. சாப்பாடு நல்லா இருக்குது. ஆனா இத்தனை பேருல ஒருத்தனுக்கும் என் பேரு தெரியாது அக்கா. ஏ மதராஸின்னு கூப்புடறாங்க. செக்‌ஷன்ல நான் ராத்திரி இருமினா ராஜாமணி எழுந்து தண்ணி குடுப்பான். இங்க நான் பேசற பேச்சே யாருக்கும் புரியாது. நான் கெளம்பினப்போ மாமா சொன்னாரு, முடியலன்னா உங்கக்காவுக்கு எழுது, அவ மண்ணைக் கொட்டிட்டேன்னு ஒரு வரி எழுதினாப் போதும், அன்னைக்கே உன்னைக் கூப்டுக்கறேன்னு. மாமா மேல எனக்குக் கோவம் இல்ல. நீ மண்ணைக்...’"

"போதும், நிறுத்து!" என்றேன்.

"இன்னும் ரெண்டு வரி இருக்குது காசியக்கா."

"நிறுத்துடான்னா! என்னா எழுதியிருப்பான்னு எனக்குத் தெரியும். பரணுல போயி நிக்கணுமாம் தொரைக்கு." சாணிக் கையோடு கடிதத்தைப் பிடுங்கினேன். மாதுவிடம் அங்கேயே பதில் சொல்லி எழுத வைத்தேன். "மண்ண நான் கொட்ட மாட்டன். பேரு தெரியலன்னா பரவால்ல, உசுரு இருந்தா போதும். கம்முனு அங்கயே கெட." வேறு எதுவும் எழுதச் சொல்லவில்லை. நல்லா இரு என்றுகூடச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கடிதத்தை மண் முடிச்சோடு சேர்த்துக் குதிருக்குள் போட்டேன்.

மாசி பாதியில் மாது மறுபடியும் வந்தான். சைக்கிள் மணி அடிக்காமல் வந்தான். இங்கிலீஷ் காகிதம், பாப்பாரப்பட்டியில் யாரிடமோ காட்டிக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். "படிடா," என்றேன். காகிதத்தைப் பிரிக்காமலே நின்றான். அவனை என்னென்ன திட்டினேனோ, அவன் பெண்டாட்டி பிள்ளைகளை எல்லாம் இழுத்துத் திட்டினேன். பாவம், நான் ஓய்கிற வரை நின்றுகொண்டே இருந்தான்.

பிறகு என் வீட்டுக்காரர் கடிதம் வந்தது. எதிரி காட்டு வழியில் சுற்றி வளைத்து, முன்னால் இருந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டுப் பின்பக்கமாக வந்து நேரே டிவிஷன் ஆபீசில் விழுந்துவிட்டானாம், தை மாசக் கடைசியில், விடிகிற நேரத்தில். டீ போட எழுந்திருந்தவர்கள்தான் முதலில் போனார்களாம். பன்றி மலைக்காட்டிலிருந்துதான் வரும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் நேற்றுப் பிறந்த குழந்தையும் அப்படித்தான் நினைக்கும். பன்றி தருமபுரி வழியாக வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் இருந்த இருப்பைச் சொல்ல எனக்கே வெட்கம். விளைச்சலில் பாதி என்று கொல்லையை வாரத்துக்கு விட்டேன். ஒருவேளை தின்பேன், ஒருவேளை மறந்துவிடுவேன். போவோர் வருவோரிடம் எல்லாம் "எந்தம்பிய நாந்தான் கொன்னன்" என்பேன். முதலில் அழுதவர்கள் அப்புறம் வேறு பாதையில் போக ஆரம்பித்தார்கள். வாயாடிக்கு வேறு பேச்சே இல்லாமல் போய்விட்டது.

நாற்பத்தாறில் அவர் பட்டாளத்தை விட்டு வீட்டோடு வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள், நான் தட்டைத் தள்ளி வைத்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"காசி, உன்கிட்ட ஒன்னு சொல்லாம இருந்துட்டன். தீர்த்தன் செத்த அன்னைக்கே எங்க செக்‌ஷனும் போயிடுச்சி. எட்டுப் பேரும் போயிட்டானுங்க. என்னை மட்டும் ஜமேதாரு ஒரு வேலையா கூப்டு அனுப்பி இருந்தாரு. திரும்பி வந்து பாத்தா ஒருத்தனும் இல்ல. அவன் எங்கூட இருந்திருந்தாலும் அதே நாளுதான். நீ கொல்லல. அவன் தலையெழுத்து."

நான் அவரையே பார்த்தேன். ராஜாமணியுமா? என்றேன். ஆமாம் என்றார். பொன்னுரங்கம்? ஆமாம். எட்டுப் பேருக்காகவும் மாரடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும், ஐயோ, என் வாயால் எப்படிச் சொல்வேன், எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. எட்டுத் தாய்கள் வயிறு எரிந்தால்தான் என் வயிறு குளிரும் என்றிருந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு உருண்டைக் களி முழுதாகத் தின்றேன்.

அந்த ஆடி அமாவாசைக்குச் செத்தவர்களுக்குப் படையல் வைத்தேன். தீர்த்தனுக்கு ஒரு இலை போட்டேன். அப்புறம் யோசித்து, அதன் பக்கத்தில் இன்னும் எட்டு இலை போட்டேன். ஒரே தட்டில் தின்ற பிள்ளைகள், அவனுக்கு மட்டும் வைத்தால் எப்படி? அவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு இலைக்கும் பேர் சொல்லச் சொன்னேன். இலைகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதெல்லாம் எதுக்கு காசி?"

"சொல்லுங்க. பேரு சொன்னாத்தான் வந்து திம்பாங்க."

சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் கண்ணை மூடித் திறந்து, எட்டையும் சொன்னார். துக்கம் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அடுத்த வருஷமும் ஒன்பது இலை போட்டேன். படையல் நாளன்று மட்டும் அவருக்கு வெளியே எங்காவது ஒரு வேலை வந்துவிடும். நல்ல நேரம் தப்பிப் போகிற சமயத்துக்கு வந்து, நின்றபடியே பெயர்களைச் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

நாற்பத்தெட்டு ஆடி அமாவாசையன்றும் அப்படித்தான். கலப்பைக் கொழுவைத் தட்டிக்கொண்டு வருகிறேன் என்று பாப்பாரப்பட்டிக்குப் போய்விட்டார். நான் கூடத்தில் ஒன்பது இலையும் போட்டு, அவரைக்காய்ப் பொரியலும் வடையும் சோறும் வைத்துவிட்டு, பேர் சொல்ல வரவேண்டிய ஆளைக் காணோமே என்று திட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆள் நின்றான். ஈர வேட்டி, தோளில் பை.

"நாயக் மாதப்பன் வூடு இதுதானுங்களா?"

"ஆமா. யாரு நீங்க?"

"அக்காங்களா? தீர்த்தன் சொல்லிச் சொல்லி மொகம் பாக்காமலே தெரியும். நான் குடியாத்தம் பக்கம். ஒகேனக்கல்லுல அப்பாவுக்குத் தண்ணி வுட வந்தேன். இவ்ளோ தூரம் வந்துட்டு நாயக்கைப் பாக்காம போவக் கூடாதுன்னு கேட்டுக் கேட்டு வந்தேன். ராஜாமணின்னு சொல்லுங்க, அவருக்குத் தெரியும்."

இடமிருந்து இரண்டாவது இலை அவனுடையது. இரண்டு வருஷமாக அவனுக்குச் சோறு வைத்துத் தின்றுவிட்டுப் போ சாமி என்று கும்பிட்டிருக்கிறேன். வந்தே விட்டானா? காலைப் பார்த்தேன். கால் தரையில்தான் இருந்தது. குதிகாலில் சேறு ஒட்டியிருந்தது.

"எந்த ராஜாமணி?" என்றேன்.

"நாயக் செக்‌ஷன்தாங்கக்கா." உள்ளே வந்தவன் இலைகளைப் பார்த்து நின்றான். "இத்தினி எலையா? பெரிய குடும்பம். தீர்த்தன் எலை எது அக்கா?"

காட்டினேன். அதன்முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, குழந்தை மாதிரி விம்மி அழுதான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் எழுந்து கண்ணைத் துடைத்தபோது கேட்டேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது:

"பொன்னுரங்கம் எப்படி இருக்கறான்?"

"அவனுக்கு என்னக்கா, ஆரணியில சைக்கிள் கடை. ரெண்டு பசங்க."

நான் இரண்டாவது இலையோடு மூன்றாவதையும் எடுத்தேன்.

"அந்தோணி?"

"கோலார்ல, தங்கச் சுரங்கத்துல. போன மாசம்கூட லெட்டர் போட்டான்."

நாலாவது இலையை எடுத்தேன். இப்படி ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். அவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஊரும் ஒரு பெண்டாட்டியும் ஒரு வேலையும் சொன்னான். நான் ஒவ்வொரு இலையாக மடித்துக் கூடையில் போட்டேன். அவன் பேசிக்கொண்டே போனான். நான் ஏன் எடுக்கிறேன் என்று அவனுக்கு என்ன தெரியும்?

"எதிரி எங்களை வுட்டுட்டுப் பின்னால போயிட்டான்க்கா. நாங்க மலை மேல மாட்டிக்கினோம். ஏரோப்ளேன்ல இருந்து மூட்டை மூட்டையா சோறு போட்டாங்க. பத்தொம்பது நாளு. ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல. எங்க நாயக் வுடுவாரா? என்னா, தீர்த்தன் ஒருத்தன் மட்டும் எங்ககூட இருந்திருந்தா..." என்று நிறுத்தினான். "அவன் போனப்புறம் அவன் எடத்துக்கு வேற ஆள் தரேன்னு ஜமேதார் எத்தினி தடவை சொன்னாரு தெரியுமா? நாயக் வாங்கவே இல்ல. ஒம்போது பேராவே இருந்தோம். என் மச்சான் வந்துடுவான், அவங்கக்காவுக்கு எழுதியிருப்பான், அவகிட்ட இருந்து ஒரு வரி வந்துடும்னு சொல்லுவாரு. தபால் வர்ற அன்னிக்கெல்லாம் மொதல் ஆளா போய் நிப்பாரு. ஒன்னும் வரல. பாவம், கடைசில ‘அவனுக்கு என் மேல கோவம் போல, எழுதவே இல்ல’ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு."

எட்டு இலையும் கூடைக்குள் போயிருந்தது. தரையில் ஒன்றுதான் கிடந்தது. வந்தவனைச் சாப்பிடச் சொல்ல வேண்டும். கூடையில் கிடந்த அவன் இலையை எடுக்க மனசு வரவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளை. புதிதாக ஒரு இலை அறுத்து வந்து, அடுப்பிலிருந்து வேறு சோறு எடுத்துப் போட்டேன்.

அவன் பாதி சாப்பிட்டிருந்தபோது என் வீட்டுக்காரர் கொழுவோடு உள்ளே வந்தார். ராஜாமணி எச்சில் கையோடு எழுந்து விறைப்பாக நின்றான். அவர் அவனைப் பார்த்தார், ஒற்றை இலையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கொழு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "ஒக்காருங்க, உங்க ஆளு பசியோட வந்திருக்கறாரு, பேசிக்கிட்டு இருங்க," என்றேன். பொழுது சாய்வதற்குள் இண்டூர் வரை போய் அவனை வண்டியேற்றிவிட்டு வந்தார்.

வந்து தீர்த்தன் இலைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"உசுரோட இருக்கற எட்டுப் பேரச் சாவடிச்சி வெச்சிருந்தீங்களே," என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன். வரவில்லை.

"நீ செத்துடுவன்னு பயந்துட்டன் காசி. பரணுல இருந்தவனுக்கு ஒன்னும் ஆவல, தருமபுரிக்கு அனுப்பினவன்தான் செத்தான்னு உன்கிட்ட எப்புடிச் சொல்லுவன்? அவனுங்க பேரச் சொல்றப்போ எல்லாம் மனசுக்குள்ள நூறு வயசு இருங்கடான்னு வேண்டிக்கிட்டுத்தான் சொல்லுவன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இன்னொன்னும் இருக்குது. அவன் உனக்கு ஒரு வார்த்த எழுதியிருந்தா, நீ மண்ணக் கொட்டியிருந்தா, அன்னைக்கே கூப்டுக்கிட்டு இருப்பன். எழுதவே இல்லையே. செக்‌ஷன வுட்டு அனுப்புனதுக்கு என் மேல அவ்ளோ கோவமா போயிட்டானோன்னு நாலரை வருசமா நெஞ்ச அறுக்குது."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் எனக்காக எட்டுப் பேரை மறைத்து வைத்தார். நான் எனக்காக ஒரு காகிதத்தை மறைத்து வைத்திருந்தேன். என்னை அடிப்பாரோ, விட்டுவிட்டே போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் என் தம்பிமேல் அப்படி ஒரு பழி இருக்கலாமா? குதிருக்குள் கையை விட்டேன். மண் முடிச்சும் கடிதமும் சேர்ந்தே வந்தன. கடிதத்தில் என் சாணி விரல்கள் காய்ந்து கிடந்தன. அவர் மடியில் வைத்தேன்.

"அவன் எழுதினான். எனக்கு எழுதினான். நாந்தான் உங்ககிட்ட சொல்லல. மாதுவ முழுசாப் படிக்கக்கூட வுடல. படிங்க."

வாசல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தார். ‘மாமா மேல எனக்குக் கோவம் இல்ல’ என்ற இடத்தில் நின்றார். அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு நான் கேட்காமல் நிறுத்திய இரண்டு வரியையும் படித்தார்.

"‘நீ மண்ணைக் கொட்டிட்டேன்னு மாமாவுக்கு எழுதுக்கா. சீக்கிரம் எழுது. லேட்டானா என் எடத்தை மாமா வேற யாருக்காவது குடுத்துடுவாரு.’"

அவர் என்னைத் திட்டவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காகிதத்தை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவனிடம் சொல்வது போலச் சொன்னார்.

"குடுக்கலடா. யாருக்கும் குடுக்கலடா மச்சான்."